முப்பத்தைந்தில் ஒரு பங்கு

சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுதில் நமது மாணாக்கன் ஒருவனின் தந்தையார் நம்மைத் தேடி வீட்டுக்கு வந்தார். தேநீர் அருந்தி முடியும்வரை மழையைப் பற்றியும் வெங்காய விலையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்துவிட்டுப் பின்னரே வந்த காரியத்தைச் சொன்னார். லண்டனில் இருக்கும் அவருடைய தம்பியார், பையனின் பதின்மூன்றாவது பிறந்தநாளுக்கு ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறார். பெட்டியின் மேலே ஜேர்மானியரின் 'டைகர்' என்னும் யுத்தத் தாங்கியின் படம். உள்ளே வெட்டியெடுத்து ஒட்டவேண்டிய நூற்றுக்கணக்கான பிளாஸ்டிக் உறுப்புக்கள். பையனுக்குத் தலைகால் தெரியாத மகிழ்ச்சி. ஆனால் பையனின் தாயாரோ பெட்டியை வாங்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டித் திறப்பையும் இடுப்பிற் செருகிக்கொண்டுவிட்டார். தாங்கி எப்படி இருக்கும் என்பதைப் பொம்மை பார்த்து அறியவேண்டிய தேவை இந்த வீட்டில் ஒருவருக்கும் இல்லை என்பது அவருடைய வாதம்.

"நீங்கள்தான், மாஸ்டர், ஒரு தீர்ப்புச் சொல்லவேண்டும்" என்றார் தந்தையார்.

தீர்ப்புக் கேட்க அவர் வந்த இடம் நடுநிலையான இடமன்று என்பதை வாசகர்களுக்கு ஒளிக்காமற் கூறிவிடுகிறோம். நமது புத்தக அலுமாரியின் கீழ்த்தட்டில், கணித நூல்களுக்குப் பின்னால், உள்ளங்கையளவில் பதினொரு இராணுவ வண்டிகள் நிற்கின்றன. அனைத்தும் நாமே ஒட்டி வர்ணம் பூசியவை. பதினைந்து ஆண்டுக்கால ஞாயிற்றுக்கிழமைகள் அத்தட்டில் நிற்கின்றன என்று நமது இல்லாள் சொல்வதுண்டு. தந்தையார் அச்செய்தியை அறிந்தே வந்திருக்கவேண்டும்.

அதே வேளையில், அந்த அம்மையாரின் சொல்லைத் தள்ளிவிடவும் நம்மால் இயலவில்லை. 2009ஆம் ஆண்டுவரை நம் மண்ணில் நிகழ்ந்த போரைப் பள்ளிப் பருவத்திற் கண்ணாற் கண்ட தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். நாமும் அத்தலைமுறையினரே. சங்கிலிப் பட்டைகள் தார்வீதியைக் கடித்துச் சென்ற தடங்களின் மேல் துவிச்சக்கர வண்டியோட்டிப் பள்ளிக்கூடம் போனவர்கள் நாம். அப்படியிருக்க, அந்த வண்டியையே மேசைமீது வைத்து அழகு பார்ப்பது எவ்வாறு? இந்தக் கேள்வியை நமது இல்லாளும் கேட்டதில்லை. நாமும் நம்மைக் கேட்டுக்கொண்டதில்லை. "இரண்டு நாள் தவணை தாருங்கள்" என்று சொல்லி அன்பரை அனுப்பிவைத்தோம்.

'தாங்கி' என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம். முதலாவது உலகப் போரின்போது, 1915ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் லிங்கன் நகரத்துத் தொழிற்சாலையொன்றில் இவ்வண்டியை இரகசியமாக உருவாக்கினார்கள். தொழிலாளரிடமிருந்து செய்தி வெளியே கசிந்துவிடாதிருக்க, செய்யப்படுவது போர்முனைக்குத் தண்ணீர் கொண்டுசெல்லும் கொள்கலம் என்று கதை கட்டினார்கள். 1916 செப்டெம்பர் 15ஆம் நாள் பிரான்சின் சொம் போர்முனையில் அந்தக் 'கொள்கலங்கள்' முதன்முறையாக உருண்டு வந்தன. பொய்ப்பெயரே நிலைபெற்றுவிட்டது. ஆங்கிலத்தில் நம் நாட்டுக் குளங்களுக்கும் அதே சொல்தான். நாமும் வீட்டுக் கூரையருகே நிற்கும் தண்ணீர்த் தாங்கிக்கும் போர்க்களத்துத் தாங்கிக்கும் ஒரே பெயரை வைத்திருக்கிறோம்.

இனி, அந்த வண்டி எவ்வாறு பெட்டிக்குள் அடங்கியது என்று பார்ப்போம். யப்பானில் ஷிசுவோக்கா என்று ஒரு நகரம். மரவேலைக்குப் பழங்காலந்தொட்டே பெயர்பெற்றது. 1945 ஜூன் மாதத்தில் அமெரிக்க விமானங்கள் வீசிய தீக்குண்டுகளால் அந்நகரம் எரிந்தது. மறு ஆண்டில், அங்கே தமியா என்னும் குடும்பத்தார் மரம் அரியும் தொழிலைத் தொடங்கினர். 1940களின் இறுதியிலேயே மரத்தாற் செய்யும் மாதிரிக் கப்பல்களையும் விமானங்களையும் விற்கலாயினர். 1950கள் முடியும் தறுவாயில் பிளாஸ்டிக் வந்து மரத்தைத் துரத்தியது. 1960இல் அவர்கள் வெளியிட்ட முதற் பிளாஸ்டிக் மாதிரி 'யமாற்றோ' போர்க்கப்பல். அதே கப்பலை வேறொரு நிறுவனம் மலிவாக விற்றமையால் இவர்களுடையது விலைபோகவில்லை. ஒருமுறை இழந்தவர் மறுமுறையும் துணிந்து எடுத்த பொருள்தான் ஜேர்மானியரின் 'பந்தர்' தாங்கி. உள்ளே சிறிய மோட்டரும் பற்றரியும் இருந்தன. தானாக ஓடி, புத்தகங்களின் மேல் ஏறி இறங்கிய அந்த வண்டி யப்பானியச் சிறுவர்களின் உள்ளத்தைக் கொள்ளைகொண்டது.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. இன்று உலகெங்கும் மாதிரித் தாங்கி செய்வோர் பெரிதும் கைக்கொள்ளும் அளவு முப்பத்தைந்தில் ஒரு பங்கு. இதற்கு ஏதோ ஆழ்ந்த கணக்கு இருக்கவேண்டும் என்று நாமும் வெகுகாலம் நம்பியிருந்தோம். பிற்காலத்தில் அந்நிறுவனத்தின் தலைவராயிருந்த ஷுன்சாக்கு தமியா தமது நூலில் உண்மையைச் சொல்லிவிட்டார். பந்தருக்குள் இரண்டு பற்றரிகள் கொள்ளவேண்டும். அதற்கேற்ற பருமனில் உடலைச் செய்தார்கள். பின்னர், மற்ற வண்டிகளையும் அதே அளவிற் செய்ய எண்ணி அளந்து பார்த்தபோது, அது உண்மை வண்டியின் ஏறத்தாழ முப்பத்தைந்தில் ஒரு பங்காக இருந்ததாம்! பற்றரி வகுத்த அளவு உலக நியதியாயிற்று. 1960களில் அதே மனிதர் அமெரிக்காவின் அபடீன் இராணுவ நூதனசாலைக்குச் சென்று, அங்கே நின்ற தாங்கிகளை ஆணிகூட விடாமற் படம்பிடித்து வந்தார். எரிந்த நகரத்தைச் சேர்ந்த ஒருவர், எரித்த நாட்டுக்குப் போய் அந்நாட்டு வண்டிகளை அளந்து வந்து சிறுவர்களுக்குப் பெட்டியிலடைத்து விற்றார் என்பதை நினைக்குந்தோறும் நமக்கு ஒரு வியப்பு எழுகின்றது.

மாணாக்கர்கள் பென்சிலை எடுத்துக்கொள்ளலாம். டைகர் தாங்கியின் நீளம் பீரங்கியுட்பட 8.45 மீற்றர், உயரம் 3 மீற்றர். முப்பத்தைந்தால் வகுத்தால் நீளம் 24 சென்ரிமீற்றர், உயரம் எட்டரை. சரி, அதன் நிறை 57 தொன். மாதிரியின் நிறையும் முப்பத்தைந்தில் ஒரு பங்கு என்று வகுப்பிலே ஒருவன் சொன்னான். ஒன்றரைத் தொன்னுக்கு மேல் வந்தது. மேசை தாங்குமா? நீளம் 35 மடங்கு குறைந்தால் மேற்பரப்பு 1,225 மடங்கு குறையும். கனவளவு 42,875 மடங்கு குறையும். உண்மை வண்டியின் உருக்கினாலேயே மாதிரியைச் செய்தாலும் அதன் நிறை ஒரு கிலோவும் முந்நூற்று முப்பது கிராமும் அளவில் நிற்கும். விகிதம் என்னும் பாடத்தை இதைவிட எளிதாக ஊட்டும் வழியை நாம் காணவில்லை.

வர்ணம் பூசுவோருக்கும் இந்தக் கணக்கே குரு. ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கு தடிப்பாகப் பூசிவிட்டால், அது உண்மை வண்டியின்மேல் மூன்றரை மில்லிமீற்றர் சாந்து அப்பியதற்குச் சமம். ஆணிகளும் இணைப்புக் கோடுகளும் அதற்குள் மூழ்கிப்போகும். ஆகையால் வர்ணத்தைப் பால்போல நீர்க்கக் கரைத்து, ஒரு பூச்சு நன்றாகக் காய்ந்தபின் அடுத்ததாக, மூன்று முறை பூசவேண்டும். பொறுமையில்லாதவன் வேலையைத் தூரத்திலிருந்தே கண்டுகொள்ளலாம். நமது பதினொன்றில் முதலாவது அத்தகையது. அதன் பின்புறத்தில் நமது பெருவிரல் ரேகையும் பசையில் உருகிப் பதிந்து கிடக்கிறது. இந்தப் பசை பிளாஸ்டிக்கை ஒட்டுவதன்று, உருக்கி ஒன்றாக்குவது. அதன் ஆவி நல்லதன்று. யன்னலைத் திறந்து வைத்தே வேலை செய்க. வெட்டும் கத்தி கூரியது. சிறு பிள்ளைகள் பெரியவர் அருகிலிருக்கவே அதைத் தொடவேண்டும்.

நிறத்தைப் பற்றி மாதிரி செய்வோரிடையே நிகழும் சண்டைகள் பட்டிமண்டபங்களை வென்றுவிடும். ஜேர்மானியத் தாங்கிகள் போரின் முற்பகுதியில் கருஞ்சாம்பல் நிறம் பூண்டிருந்தன. 1943 பெப்ரவரியில் வந்த கட்டளைப்படி தொழிற்சாலையிலேயே மங்கிய மஞ்சள் நிறம் பூசலாயினர். அதன்மேல் ஒளிமறைவுக் கோலம் வரையப் பச்சையும் செம்பழுப்பும் குழம்பாகத் தகரங்களில் அடைத்துப் படையணிகளுக்கு அனுப்பப்பட்டன. களத்தில் நின்றவன் அதைப் பெற்றோலிலோ தண்ணீரிலோ கையில் அகப்பட்டதிலோ கரைத்தான். விசிறும் கருவி இருந்தால் அதனாலும், இல்லையேல் தூரிகையாலும் துணியாலும் பூசினான். எவ்வளவு கரைத்தான், எவ்வளவு வெயிலில் வெளிறியது, எவ்வளவு புழுதி படிந்தது என்பதற்கு எந்தக் கணக்குப் பிள்ளையும் சாட்சியில்லை. இதை அறிந்தபின்னரும் 'சரியான மஞ்சள் எது' என்று வழக்காடுவோர் வழக்காடிக்கொண்டே இருக்கட்டும். நாம் சிறிது வெள்ளை கலந்து பூசுகிறோம். ஒரு மீற்றர் தூரத்திலிருந்து மாதிரியைப் பார்ப்பது, உண்மை வண்டியை முப்பத்தைந்து மீற்றர் தூரத்திலிருந்து பார்ப்பதற்கு ஒப்பு. இடையிலுள்ள காற்று நிறத்தைச் சற்றே வெளிறச் செய்யும். நிழலும் அவ்வாறே. சிறிய பொருளின் இடுக்குகளில் இயற்கையான நிழல் போதாமையால், கரும்பழுப்பு வர்ணத்தை மிகமிக நீர்க்கக் கரைத்து ஓடவிட்டு நிழலை நாமே உண்டாக்குகிறோம். விளிம்புகளில், ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் வெளிர்நிறத்தைத் தடவி ஒளியையும் உண்டாக்குகிறோம்.

இவையெல்லாம் கைவேலை. அந்த அம்மையாருக்கு இவை விடையாகா. இரவு அலுமாரியின் முன் அமர்ந்து, பதினொரு வண்டிகளையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பார்த்தோம். அப்போது ஒன்று புலப்பட்டது.

நம்மிடம் உள்ள 'ஷேர்மன்' என்னும் அமெரிக்கத் தாங்கியின் பக்கங்களில் சிறிய சதுரத் தகடுகள் சில ஒட்டியிருக்கின்றன. பெட்டியிலே தனித்தனி உறுப்புக்களாக வருபவை அவை. ஒட்டிய நாளில் அவை என்னவென்று நாம் கேட்கவில்லை. படத்தில் இருந்தபடி ஒட்டினோம். பின்னரே படித்தறிந்தோம். தகட்டுக்கு நேர் உட்புறத்தில் பீரங்கிக் குண்டுகள் அடுக்கிய பெட்டி இருந்தது. எதிரியின் குண்டு அவ்விடத்தைத் துளைத்தால் வண்டி முழுதும் தீப்பற்றும். அதற்கு அஞ்சியே வெளியில் இன்னொரு தகட்டை உருக்கி ஒட்டினார்கள். பின்னர், குண்டுப் பெட்டிகளைத் தரைக்கு இறக்கி, அவற்றைச் சுற்றி நீர் நிறைந்த உறையும் வைத்தார்கள். அடிபட்ட பழைய வண்டிகளில் நூற்றுக்கு அறுபது முதல் எண்பது வரை எரிந்தன என்றும், நீருறை வைத்தவற்றில் பத்து முதல் பதினைந்து வரையே எரிந்தன என்றும் அமெரிக்க இராணுவம் 1945இற் கணக்கிட்டது. அந்த வண்டியினுள் ஐந்து பேர் இருந்தார்கள் என்பதை நினைத்துக்கொண்டு இந்த எண்களைப் படிக்கவேண்டும்.

அதே வண்டியின் முன்புறத்தில் நாம் களிமண்ணாற் செய்து அடுக்கிய மணல்மூட்டைகள் இருக்கின்றன. அழகாயிருக்கும் என்றே அடுக்கினோம். உண்மையில் அவற்றை அடுக்கியவர்கள் அழகுக்காக அடுக்கவில்லை. உருக்குத் தகட்டை நம்பமுடியாமல், வழியில் அகப்பட்ட மணலையும் மரக்குற்றிகளையும் மேலதிகச் சங்கிலித் துண்டுகளையும் முன்னே கட்டிக்கொண்டார்கள். பாரம் கூடி வண்டி கெடுகிறது, பயனும் இல்லை என்று தளபதி பற்றன் தம் படையில் இதைத் தடுத்தார். தடுக்கப்படாத இடங்களில் மூட்டைகள் ஏறிக்கொண்டேயிருந்தன.

ஜேர்மானியரும் அஞ்சினர். 1943இன் பிற்பகுதி தொடங்கி ஏறத்தாழ ஓராண்டுக்காலம் தங்கள் தாங்கிகளின் மேல் 'சிமரிற்' என்ற ஒரு சாந்தைப் பூசினார்கள். மரத்தூளும் பசையும் மண்வகைத் தூள்களும் சேர்ந்த சாந்து அது, வரிவரியாகக் கீறிவிடப்பட்டிருக்கும். எதிரி வீரன் ஓடிவந்து காந்தக் கண்ணிவெடியை ஒட்டிவிட்டால் என்செய்வது என்பதே அச்சம். காந்த வெடியைப் பெருமளவிற் பயன்படுத்தியவர்களோ ஜேர்மானியர் தாமே. தம் ஆயுதத்தைப் பிறரும் எடுப்பர் என்று அஞ்சினார்கள். எடுத்தவர் மிகச் சிலர். இன்று மாதிரி செய்வோர் அந்த வரிகளை மெழுகுபோன்ற சாந்தைப் பூசிச் சிறு திருகாணிச் சாவியின் நுனியால் இரவிரவாகக் கீறுகிறார்கள். நாமும் ஒரு முறை கீறினோம். பதினேழு இரவுகள் ஆயின.

நமது அலுமாரியில் மற்றொரு குறையும் அன்றிரவு தென்பட்டது. பதினொன்றில் நான்கு டைகர்கள்! போர்க்காலத்திற் செய்யப்பட்ட முதல்வகை டைகர்கள் ஏறத்தாழ 1,350 மட்டுமே. ஷேர்மன் ஐம்பதினாயிரத்தை நெருங்கும். சோவியத்தின் ரி-34 ஐம்பதினாயிரத்துக்கும் மேல். போரை வென்றவை அவையே. ஆயினும் கடைத்தட்டுக்களிலும் நம்மைப் போன்றோர் வீடுகளிலும் ஆட்சி செய்வது டைகர். அதன் தோற்றக் கம்பீரம் நம்மை மயக்கிவிட்டது. அந்தக் கம்பீரம் எந்த அரசுக்கு ஊழியம் செய்தது என்பதை, கோடுகளைக் கீறும் ஆர்வத்தில் மறந்துபோனோம். இதை எழுதும்போது சற்று வெட்கமாகவே இருக்கிறது.

மூன்றாம் நாள் அந்த வீட்டுக்குப் போனோம். தீர்ப்பு ஒன்றும் கொண்டுபோகவில்லை. ஷேர்மனை மட்டும் ஒரு சப்பாத்துப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனோம். அம்மையாருக்குச் சதுரத் தகட்டைக் காட்டி, அதன் பின்னால் இருந்தது என்னவென்று சொன்னோம். மணல்மூட்டையையும் காட்டினோம். அவர் வண்டியைக் கையில் வாங்கவில்லை. "இதற்குள்ளே ஆட்கள் இருக்கினமோ, மாஸ்டர்?" என்று மட்டும் கேட்டார். நாம் எல்லாக் கதவுகளையும் மூடி ஒட்டியிருந்தோம். "இல்லை" என்று சொல்லவேண்டியதாயிற்று.

"அப்ப இது பொம்மைதானே" என்றார்.

அதன்மேற் பேச நமக்கு வாய் வரவில்லை. தேநீர் வந்தது, பேச்சு வேறு திசையிற் சென்றது. நாம் எழும்பிய நேரத்தில், அவர் இடுப்பிலிருந்த திறப்பை எடுத்துக் கணவரிடம் கொடுத்தார். ஆட்களை வைத்துத்தான் செய்யவேண்டும் என்று மகனுக்கு ஒரு நிபந்தனை விதித்தார்.

பையன் இப்போது ஞாயிறுதோறும் நம்மிடம் வருகிறான். டைகரின் சில்லுகள் ஒன்றையொன்று மூடி, பின்னிய பாய்போல அமைந்தவை. பாரத்தைப் பரப்புவதற்காக அவ்வாறு செய்தார்கள். உள்வரிசையை முதலில் மாட்டியபின்பே வெளிவரிசையை மாட்டலாம். அவசரத்தில் அவன் ஒன்றை மறந்து, ஒட்டிய வெளிச்சில்லுகளை மறுபடி கழற்ற நேர்ந்தது. களத்தில் இதே வேலையைச் சேற்றில் நின்று செய்தார்கள் என்றும், ரஷ்யப் பனிக்காலத்தில் சில்லுகளுக்கிடையே சேறு உறைந்து வண்டிகள் அசையாமல் நின்றன என்றும் சொன்னோம். "அப்படியென்றால் ஏன் சேர் இப்படிச் செய்தார்கள்?" என்றான். வகுப்பிலே அவன் இதுவரை கேட்ட கேள்விகளுள் இதுவே சிறந்தது.

அவன் செய்வது இங்கிலாந்தின் போவிங்ரன் நூதனசாலையில் நிற்கும் 131ஆம் இலக்க டைகர். 1943 ஏப்ரலில் துனீசியாவில் பிரித்தானியர் கைப்பற்றியது. ஒரு குண்டு பட்டுச் சுழலும் கோபுரம் இறுகிப்போக, உள்ளிருந்தவர்கள் வண்டியை விட்டுவிட்டு உயிர் தப்பி ஓடினார்கள். அதனாலேயே பையன் அதைத் தெரிந்தெடுத்தான். வண்டிக்கு வெளியே ஐந்து பேரும் நிற்கவேண்டுமென்கிறான். பெட்டியில் வந்தது தளபதியின் அரையுருவம் ஒன்றே. மற்ற நால்வரையும் தனியே வாங்கவேண்டியதாயிற்று. ஒவ்வொருவரும் ஐந்து சென்ரிமீற்றர் உயரம், தலை பயறளவு. முகத்துக்கு நான்கு நிறங்கள் கலக்கவேண்டும்.

சென்ற வாரம் அம்மையார் முதன்முறையாக மேசையருகே வந்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒருவனை விரல்நுனியில் எடுத்து வெளிச்சத்திற் பிடித்தார். "இவனுக்கு என்ன வயசிருக்கும்?" என்று கேட்டார். இருபது, இருபத்தொன்று இருக்கலாம் என்றோம். வைத்த இடத்திலேயே திரும்ப வைத்தார்.

"முகம் இன்னும் முடியவில்லையே, தம்பி" என்றார் மகனைப் பார்த்து.

கண் மட்டும் பாக்கி என்றான் பையன். கோயிலிலே கண் திறப்பது கடைசியாகத்தானாம்.